நடுங்காத கை பிறவி வரமல்ல

“உனக்குக் கை சரியில்லை, நீ வேறு வேலையைப் பார்.” வெல்டிங் கற்கப் போகும் இளையோரில் சிலர் முதல் மாதத்திலேயே இந்தச் சொல்லைக் கேட்டுவிடுகிறார்கள். சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. நல்ல வெல்டருக்குக் கை பிறவியிலேயே அமைந்திருக்கும் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். வீட்டிலோ இதற்கு நேர்மாறான ஒரு நம்பிக்கை இருக்கிறது: படிப்பு வராதவர்களுக்குத்தான் கைத்தொழில், அதற்கு மூளை தேவையில்லை என்பது அது.

இந்த இரண்டு நம்பிக்கைகளும் தவறு என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக டிக் வெல்டிங் முறையில், செங்குத்தாக நிற்கும் ஒரு தகட்டைக் கீழிருந்து மேலாக இணைக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். கையை நிலையாக வைப்பதும் வெப்பத்தை அடக்கி ஆள்வதும் அந்த வேலையின் இரு தூண்கள். இரண்டையும் இயற்பியலால் விளக்கலாம், இரண்டையும் கற்றுக்கொடுக்கலாம்.

முதலில் டிக் என்றால் என்னவென்று பார்ப்போம். டங்ஸ்டன் முனைக்கும் தகட்டுக்கும் இடையில் மின்வில் எரிகிறது. அதன் நடுப்பகுதியின் வெப்பம் 10,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி தேவை. எஃகு ஏறக்குறைய 1,450 டிகிரியிலேயே உருகிவிடும். எனவே தகடு உருகும்போதும் முனை நிலைத்து நிற்கிறது. முனையைச் சுற்றியுள்ள பீங்கான் குவளை வழியாக ஆர்கன் வாயு இறங்கி, உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கிறது. ஒரு கையில் டார்ச், மறுகையில் நிரப்புக் கம்பி. அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர் 1941இல் மக்னீசிய உலோகத்தை இணைப்பதற்காக இந்த முறையை உருவாக்கினார். அன்று அவர் பயன்படுத்தியது ஹீலியம் வாயு.

சுவரில் நிற்கும் குட்டை

மேசைமேல் கிடக்கும் தகட்டில் உலோகம் உருகினால், அந்தச் சிறு குட்டை அங்கேயே கிடக்கும். தகட்டை நிமிர்த்தி வைத்தால் என்ன ஆகும்? புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும். ஆனாலும் குட்டை உடனே வழிந்துவிடுவதில்லை. அதைத் தாங்குவது பரப்பு இழுவிசை.

மழை நாளில் பேருந்தின் சன்னல் கண்ணாடியைப் பாருங்கள். சிறு துளிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு துளிகள் சேர்ந்து பெரிதானதும் சரசரவென்று வழியும். துளியின் அகலம் இரண்டு மடங்கானால் அதைப் பிடித்து நிறுத்தும் விசையும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆனால் அதன் கன அளவும் எடையும் எட்டு மடங்காகிவிடும். ஒரு கட்டத்தில் எடை வென்றுவிடுகிறது.

உருகிய எஃகின் பரப்பு இழுவிசை தண்ணீரைப்போல் 20 மடங்குக்கு மேல். அதன் அடர்த்தியோ 7 மடங்குதான். அதனால்தான் சில மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகுக் குட்டை செங்குத்துச் சுவரில் நிற்க முடிகிறது. அதைவிடப் பெரிதாக விட்டால் தொப்பை விழும், பிறகு சொட்டும்.

இங்கே வெல்டருக்கு இன்னொரு துணையும் உண்டு. கீழிருந்து மேலாகப் போகும்போது, சற்று முன்னால் உறைந்த உலோகம் குட்டைக்குக் கீழே ஒரு சிறு திண்ணைபோல் நிற்கிறது. புதிய குட்டை அதன்மேல் உட்கார்கிறது. மேலிருந்து கீழாக வந்தால் இந்தத் திண்ணை கிடைக்காது. குட்டை மின்வில்லைத் துரத்திக்கொண்டே இறங்கும், தகட்டின் ஆழத்திற்குள் உருக்கம் போய்ச் சேராது. பலம் வேண்டிய இடங்களில் பெரும்பாலும் மேல்நோக்கியே இணைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆக, செங்குத்து வேலையின் முதல் விதி எளிது: குட்டையைச் சின்னதாக வைத்திரு. இதைச் சொல்லிவிடலாம், செய்வது எப்படி? அதற்குத்தான் நிலையான கையும் அளவான வெப்பமும் வேண்டும்.

தோளிலிருந்து விரல்வரை

நடுங்காத கை உலகில் யாருக்கும் இல்லை. உங்கள் கை, உங்கள் ஆசிரியரின் கை, அறுவை மருத்துவரின் கை எல்லாமே வினாடிக்கு 8 முதல் 12 தடவை மிக நுண்ணியதாக அதிர்கின்றன. நரம்பும் தசையும் வேலை செய்யும் விதம் அப்படி. களைப்பு, பதற்றம், அதிகமாகக் குடித்த கோப்பி ஆகியவை அந்த அதிர்வைக் கூட்டும். எல்லாருக்கும் இருக்கும் ஒன்றைக் காட்டி ஒருவரை மட்டும் ஒதுக்குவது எப்படி நியாயமாகும்?

டிக் வெல்டிங்கில் டங்ஸ்டன் முனைக்கும் குட்டைக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். கை சற்று முன்னே போனால் முனை குட்டையில் தொட்டு அழுக்காகும். பின்னே போனால் மின்வில் நீண்டு விரியும், வெப்பம் பரவும், ஆர்கன் போர்வையும் கலையும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. தோளிலிருந்து விரல்நுனிவரை 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கையை அந்தரத்தில் நீட்டிப் பிடித்தால் அசைவின் மையம் தோள். தோள் 1 பாகை மட்டும் அசைந்தால் விரல்நுனி ஏறக்குறைய 10 மி.மீ. நகரும். அதாவது இருக்க வேண்டிய இடைவெளியைப்போல் மூன்று நான்கு மடங்கு. அதே கையின் சுண்டுவிரலைத் தகட்டில் ஊன்றிவிட்டால் அசைவின் மையம் டார்ச் முனையிலிருந்து 8 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடும். அதே 1 பாகை அசைவு இப்போது 1.4 மி.மீ. மட்டுமே. நரம்பு மாறவில்லை, தசை மாறவில்லை. நெம்புகோலின் நீளம் மட்டும் குறைந்தது.

நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். சுவரில் ஒரு தாளை ஒட்டுங்கள். கையை முழுக்க நீட்டி, உடம்பு எதிலும் படாமல், மிக மெதுவாகக் கீழிருந்து மேலாக ஒரு கோடு போடுங்கள். வினாடிக்கு 1 மி.மீ. வேகம் போதும். அடுத்து, தோளைச் சுவரில் சாய்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, சுண்டுவிரலைத் தாளில் ஊன்றி மறுபடியும் போடுங்கள். இரண்டு கோடுகளையும் நண்பரிடம் காட்டி, ஒரே ஆள் வரைந்ததா என்று கேளுங்கள்.

பல் மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே இதைத்தான் பழக்குகிறார்கள். கருவியைப் பிடிக்கும் கையின் ஒரு விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். நகைப் பட்டறையில் ஆசாரி கையை மேசை விளிம்பில் தாங்கியே நுண்வேலை செய்கிறார். பல் மருத்துவரிடம் இது பாடம். வெல்டரிடம் மட்டும் இதைக் கைவாகு என்றும் கைராசி என்றும் சொல்லிவிடுகிறோம். இந்தப் பாகுபாட்டைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

செங்குத்து இணைப்பில் தாங்கலுக்கு வழிகள் பல உண்டு. தகடு சுடும் என்பதால் சுண்டுவிரலுக்குச் சூட்டைத் தாங்கும் உறை போடலாம். பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டத்தைக் கிளாம்ப் செய்து, அதன்மேல் மணிக்கட்டைச் சறுக்கிக்கொண்டே போகலாம். டார்ச்சின் கேபிளைத் தோள்மேல் போட்டுக்கொண்டால் அதன் எடை மணிக்கட்டை இழுக்காது. மின்வில்லை ஏற்றுவதற்கு முன் வெறும் கையோடு முழுக் கோட்டையும் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது. எங்கே முழங்கை இடிக்கிறது, எங்கே கை எட்டவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது உதவாது. சிறிது நேரத்தில் உடம்பே நடுங்கத் தொடங்கும். சீராக மூச்சு விட்டுக்கொண்டே போவதுதான் முறை.

ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை ஜூல்?

அடுத்தது வெப்பம். 3 மி.மீ. துருவேறா எஃகுத் தகட்டை 90 ஆம்பியர், 11 வோல்ட்டில் இணைப்பதாகக் கொள்வோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும் என்பது உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். 990 வாட், அதாவது வினாடிக்கு 990 ஜூல். டிக் முறையில் இதில் 60 விழுக்காடுதான் தகட்டுக்குள் போவதாகப் பொறியாளர்கள் கணக்கில் கொள்கிறார்கள். ஏறக்குறைய 600 ஜூல்.

கை வினாடிக்கு 1 மி.மீ. நகர்ந்தால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 600 ஜூல் கிடைக்கிறது. வேகம் பாதியானால் அது 1,200 ஜூல். “கொஞ்சம் தயங்கினேன்” என்று ஒரே இடத்தில் 2 வினாடி நின்றாலும் அந்த இடத்திற்குக் கூடுதலாக 1,200 ஜூல் போய்விடும். 1 கிராம் எஃகை அறை வெப்பநிலையிலிருந்து முழுக்க உருக்கத் தேவைப்படும் வெப்பத்தின் அளவுதான் அது. அதில் பெரும்பகுதி தகட்டுக்குள் ஓடிவிடும் என்பது உண்மை. ஆனால் மீதியே குட்டையைத் தொப்பை விழச் செய்யப் போதும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கையின் நிலையும் வெப்பமும் இரண்டு தனிப் பாடங்கள் அல்ல. கை தயங்கினால் வெப்பம் கூடுகிறது. வெப்பம் கூடினால் குட்டை பெரிதாகிறது. குட்டை சரியப் போவதைக் கண்டால் மனம் பதறுகிறது. மனம் பதறினால் கை இன்னும் நடுங்குகிறது. இந்தச் சுழலை முதலிலேயே அறுத்துவிட வேண்டும்.

அறுக்கும் கருவிகள் உண்டு. கிடைத் தகட்டுக்கு வைக்கும் மின்னோட்டத்தைவிடச் செங்குத்துக்குச் சற்றுக் குறைவாக வைப்பது முதல் வழி. நிரப்புக் கம்பி இரண்டாவது. கம்பியைக் குட்டையில் தொட்டெடுக்கும்போது கம்பியின் நுனி உருக வேண்டும். அதற்கான உள்ளுறை வெப்பத்தைக் குட்டையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் குட்டை ஒரு கணம் குளிர்ந்து சுருங்குகிறது. குட்டை பெரிதாகிறதே என்று பயந்து கம்பியை விலக்கிக்கொள்கிறார் புதியவர். தேர்ந்தவர் அப்போதுதான் கம்பியைக் கொடுக்கிறார். மூன்றாவது, துடிப்பு மின்னோட்டம். இயந்திரமே மின்னோட்டத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். ஏறும்போது உருகும், இறங்கும்போது உறையும். நான்காவது, தகட்டின் பின்னால் ஒரு தடித்த செம்புச் சட்டத்தை வைத்து வெப்பத்தை உறிஞ்ச வைப்பது.

வெப்பம் மேலே போகுமா?

செங்குத்துத் தகட்டின் மேல்முனைக்கு வரும்போது உலோகம் சட்டென்று உருகி ஓட்டை விழுவதுண்டு. “வெப்பம் எப்போதும் மேலே போகும், அதனால்தான்” என்று சிலர் விளக்குவார்கள். இது தவறான விளக்கம். சூடான காற்றும் சூடான நீரும் மேலே எழும், அது வெப்பச்சலனம். திடமான தகட்டுக்குள் நடப்பதோ வெப்பக் கடத்தல். அதற்கு மேல் கீழ் கிடையாது, எல்லாத் திசையிலும் சமமாகவே பரவும்.

அப்படியானால் மேல்முனையில் ஏன் ஓட்டை விழுகிறது? தொடக்கத்தில் குட்டைக்கு முன்னால் குளிர்ந்த உலோகம் நிறைய இருந்தது. மேலே வர வர அது குறைந்து, விளிம்பில் தீர்ந்துவிடுகிறது. விளிம்புக்கு அப்பால் காற்றுதான். வெப்பம் ஓட இடமில்லாமல் தேங்கி நிற்கிறது. கிடைத் தகட்டிலும் விளிம்பில் இதே கதைதான். காரணம் தெரிந்தவர் விளிம்பை நெருங்குவதற்கு முன்பே மின்னோட்டத்தைக் குறைப்பார். தெரியாதவர் ஒவ்வொரு தடவையும் ஓட்டையைப் பார்த்த பிறகே திகைப்பார். தவறான விளக்கம் கையைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

துருவேறா எஃகில் இந்தத் தேக்கம் இன்னும் மோசம். அது சாதாரண எஃகைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் வெப்பத்தைக் கடத்தும். ஆனால் சூடானால் அதைவிட அதிகமாக விரியும். அதனால் தகடு கோணிப்போகிறது. அதோடு முடியவில்லை. 450 முதல் 850 டிகிரிவரையிலான வெப்பத்தில் அது நெடுநேரம் கிடந்தால், உள்ளே இருக்கும் குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிடும். துருவைத் தடுப்பதே குரோமியம்தான். அது குறைந்த இடத்தில் பெயர் மட்டும் துருவேறா எஃகு, துரு ஏறிவிடும். கார்பன் குறைக்கப்பட்ட 316எல் போன்ற வகைகள் சந்தைக்கு வந்தது இந்தத் தொல்லைக்காகத்தான்.

இணைப்பின் நிறமே நடந்ததைச் சொல்லும். வெள்ளிப் பளபளப்பும் வெளிர் பொன்னிறமும் நல்ல அறிகுறி. ஊதாவும் நீலமும் எச்சரிக்கை. மங்கிய சாம்பல் நிறமானால் வெப்பம் மிஞ்சிவிட்டது அல்லது ஆர்கன் காக்கவில்லை. நம் நாட்டுப் பட்டறைகளில் புழுக்கம் தாளாமல் மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டால், ஆர்கன் போர்வை பறந்துபோய் இதே சாம்பல் நிறம் வரும்.

எதிர்வாதங்கள்

“இதையெல்லாம் படிக்காத வெல்டர்கள் அருமையாக வேலை செய்கிறார்களே?” என்று கேட்கலாம். உண்மைதான். அவர்களுக்கு இந்த அறிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் அது அவர்கள் கையில் குடியேறியிருக்கிறது. ஆனால் கையில் மட்டும் இருக்கும் அறிவை அடுத்தவருக்குக் கொடுப்பது கடினம். “பார்த்துக் கற்றுக்கொள்” என்பதற்கு மேல் சொல்ல முடியாமல் போகிறது. பெயரும் கணக்கும் கொடுத்தால் அது பாடமாகிவிடும். புதிய உலோகம் வந்தாலும் தொடக்கத்திலிருந்து தட்டுத்தடுமாற வேண்டியதில்லை.

“இனி ரோபோதானே வெல்டிங் செய்யும்?” என்பது அடுத்த கேள்வி. ஒரே மாதிரியான இணைப்பு ஆயிரக்கணக்கில் வரும் இடங்களில் ரோபோ நன்றாகவே செய்கிறது, செய்யட்டும். ஆனால் பெங்கேராங், மலாக்கா, போர்ட்டிக்சன், ஜூரோங் தீவு ஆகிய இடங்களின் சுத்திகரிப்பு ஆலைகளில் குழாய்கள் நெருக்கிப் பின்னிக் கிடக்கின்றன. பழுதான ஒரு குழாயைச் சாரத்தில் ஏறி, இடுக்கில் கை நுழைத்துச் சரிசெய்ய இன்றும் மனிதர் தேவைப்படுகிறார். அங்கே தகட்டைத் தோதாகத் திருப்பி வைக்க முடியாது. செங்குத்தாக இருந்தால் செங்குத்தாகத்தான் செய்தாக வேண்டும்.

மூன்றாவது கேள்வி ஆபத்தைப் பற்றியது. அது நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. மின்வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுடும். புகையைச் சுவாசிப்பது கேடு. மூடிய தொட்டிக்குள் ஆர்கன் தேங்கினால் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எனவே வீட்டில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். தகுந்த முகமூடி, கையுறை, காற்றோட்டம், பயிற்றுநர் நான்கும் இருக்கும் இடத்தில்தான் இதைக் கற்க வேண்டும். ஆபத்தை அறிந்து கட்டுப்படுத்துவதும் அறிவியலே.

மாற வேண்டியவை

என் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, படிவம் 4 இயற்பியலில் வெப்பம் பாடத்தை நடத்தும்போது ஒரு வெல்டிங் பட்டறையைக் காட்டுங்கள். உள்ளுறை வெப்பம் என்பது பனிக்கட்டியும் வெந்நீரும் மட்டுமல்ல என்பது அங்கே தெரியும். நேரில் போக முடியாவிட்டால், நல்ல இணைப்பையும் பிசகிய இணைப்பையும் வெட்டி வகுப்பறைக்குக் கொண்டுவந்தாலே போதும்.

இரண்டாவது, பயிற்றுநர்களுக்கு. “கை சரியில்லை” என்று சொல்வதற்கு முன் அந்த மாணவருக்குத் தாங்கல் கொடுத்துப் பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர் குள்ளமாக இருக்கலாம், இடக்கைக்காரராக இருக்கலாம், பெண்ணாக இருக்கலாம். மேசையின் உயரமும் தகட்டின் இடமும் அவருக்குப் பொருந்தாமல் இருந்தால் குறை அவருடைய கையில் இல்லை.

மூன்றாவது, பெற்றோருக்கு. மலேசியத் திறன் சான்றிதழுக்கும் சிங்கப்பூரின் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கும் போகும் பாதையை “வேறு வழியில்லாதவர்களின் பாதை” என்று பிள்ளைகள் காதுபடப் பேசாதீர்கள். 45 பாகை சாய்வில் நிறுத்திய குழாயைத் திருப்பாமலே சுற்றி இணைத்து, எக்ஸ்ரே படத்தில் ஏற்க முடியாத குறை எதுவும் இல்லையென்று காட்ட வேண்டிய தேர்வுகள் இந்தத் துறையில் உண்டு. எழுத்துத் தேர்வில் மதிப்பெண் 90 வாங்கினால் கொண்டாடுகிறோம். குழாயின் ஓரிடத்தில் கோட்டைவிட்டாலே அந்தத் தேர்வில் தோல்வி வரலாம்.

மாணவர்களே, எல்லாரும் வெல்டராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவராகுங்கள், பொறியாளராகுங்கள், ஆசிரியராகுங்கள். ஆனால் எந்த வேலையிலும் “எனக்குக் கை வராது” என்று முடிவு கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் கை எதில் ஊன்றி நிற்கிறது? எவ்வளவு வெப்பம் உள்ளே போகிறது? அது எங்கே வெளியேறுகிறது? இவற்றுக்கு விடை தெரிந்துகொண்டு, அதன் பிறகு நூறு முறை பழகிப் பாருங்கள். திறமை இருக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பு அதற்குப் பிறகு வரட்டும்.